தண்டபானி மகன்

வாக்காளர் பட்டியலில் தன் பேர் இருக்கிறது என்று நம்பி நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையும் பரிதாபமும் சேர்ந்தே வருகிறது. நானும் போன வருஷம் வரைக்கும் அந்த ஜாதிதான். வயசு வந்த நாளிலிருந்து ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்டவன். போட்ட ஓட்டுக்குப் பலன் இருந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். நான் ஓட்டுப் போட்ட ஆள் ஜெயித்ததாகச் சரித்திரமே கிடையாது. எங்கள் தெருவில் சில பேர் கருத்துக்கணிப்பெல்லாம் பார்ப்பதில்லை. நான் யாருக்குப் போடப் போகிறேன் என்று நைசாக விசாரித்துவிட்டு, எதிராளி மேல் பந்தயம் கட்டுகிறார்கள்.

இப்படிப்பட்ட பழுத்த வாக்காளனைப் பிடித்து, ‘நீ யார், உன் அப்பா யார், 2002-ல் எங்கே இருந்தாய்’ என்று கேட்டால் எப்படி இருக்கும்? 2025 நவம்பர் 4-ஆம் தேதி தமிழ்நாட்டில் எஸ்.ஐ.ஆர். ஆரம்பித்தது. சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று பேப்பரில் விளக்கம் போட்டிருந்தான். வருஷா வருஷம் நடக்கிற சாதாரணத் திருத்தமாக இருந்தால் நாம் பாட்டுக்கு இருந்துவிடலாம். இது தீவிரம். பட்டியலில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தால்தான் வரைவுப் பட்டியலில் பேர் வரும். கொடுக்காவிட்டால் வராது.

அன்றைக்குச் சாயந்திரமே வீட்டில் ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். காலம் மாறிவிட்டது, படிவத்தில் க்யூஆர் கோடு இருக்கிறது, எல்லாம் கம்ப்யூட்டர்மயம் என்றெல்லாம் சொல்லி, “யாரும் பதற வேண்டாம். மொத்தக் குடும்பத்துக்கும் நானே ஆன்லைன்ல முடிச்சிடறேன்” என்று முடித்தேன். எங்கள் வீட்டில் இந்த வாக்கியத்துக்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு. மின் கட்டணத்தை நான் ஆன்லைனில் முடித்த மாசம் எங்களுக்கு மின்சாரம் இல்லை. மனைவி பதிலே பேசவில்லை. முக்குக் கடைக்குப் போய் இரண்டு நீல மைப் பேனா வாங்கினாள். பக்கத்து ஸ்டூடியோவில் எல்லோருக்கும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ பிரிண்டு போடச் சொல்லிவிட்டு வந்தாள்.

படிவத்தைக் கொண்டு வந்தவர் எங்கள் பகுதியின் அங்கன்வாடி டீச்சர். அவர்தான் எங்கள் பூத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ. காலையில் குழந்தைகளுக்குச் சத்துமாவு உருண்டை, மத்தியானத்துக்கு மேல் எங்களுக்குப் படிவம். ஐப்பசி அடைமழையில் ஸ்கூட்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு, படிவக் கட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தார். தான் நனைவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. படிவம் நனைந்தால் போச்சு. ஒரு பாகத்தில் ஏறத்தாழ ஆயிரம் வாக்காளர்கள். ஆளுக்கு இரண்டு பிரதி. ஒன்றை வாங்கிக்கொண்டு, இன்னொன்றில் கையெழுத்துப் போட்டு நம்மிடமே தர வேண்டும். வாங்கினதைச் செல்லில் படம் பிடித்து ஏற்ற வேண்டும். இத்தனையும் தெருத்தெருவாக நடந்து. வேலைக்குப் போகிறவர்கள் பகலில் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்பதால், பூட்டின வீடுகளுக்கு ராத்திரி எட்டு மணிக்கு மறுபடி வந்தார். இந்தியத் தேர்தல் ஆணையத்தின் கணினிமயத்தைப் பற்றி நான் செய்த பிரசங்கத்தில் டீச்சரின் செருப்பைக் குறிப்பிட விட்டுப்போய்விட்டது.

“சார், நான் ஆன்லைன்ல போட்டுக்கறேன்னு யாராவது சொன்னா எனக்கு ஒரு வேலை மிச்சம்” என்றார் டீச்சர்.

“நான் இருக்கேன்மா” என்றேன்.

உள்ளேயிருந்து மனைவி, “டீச்சர், எதுக்கும் பேப்பரையும் குடுத்துட்டுப் போங்க” என்றாள்.

படிவத்தைப் பார்த்திருப்பீர்கள். மேல் பாதியில் பேர், ஓட்டு ஐடி எண், தொகுதி, பாகம் எண், வரிசை எண், போட்டோ எல்லாம் அவர்களே அச்சடித்திருந்தார்கள். கீழ்ப் பாதியில்தான் வில்லங்கம். இடது பக்கம், கடைசியாக நடந்த தீவிரத் திருத்தத்தின் பட்டியலில் உங்கள் விவரம் என்ன என்று கேட்டிருந்தது. வலது பக்கம், அப்போது உங்கள் பேர் இல்லையென்றால் உங்கள் உறவினர் விவரம் என்ன என்று. தமிழ்நாட்டில் கடைசியாக அப்படித் திருத்தியது 2002–2005 காலத்தில். போன வாரம் மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பதே தெரியாதவன், 2002-ல் என் பாகம் எண் என்ன என்பதற்கு எங்கே போவேன்?

ஓட்டுப் போடுவதே பெரும்பாடாக இருந்த காலமும் உண்டு. 1996-ல் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டையே புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது. அன்றைக்கு அந்த ஊர்க்காரர்களைப் பார்த்துச் சிரித்தோம். அவர்கள் பாடு தேவலை. எத்தனை பக்கம் புரட்டினாலும் கடைசியில் ஒரு இடத்தில் முத்திரை குத்தினால் தீர்ந்தது. 2001-லிருந்து நம் மாநிலம் முழுக்க அந்த முத்திரையும் போய், சட்டமன்றத் தேர்தலுக்குப் பட்டன் வந்துவிட்டது. ஓட்டுப் போடுகிற வேலை பீப் என்ற ஒரு சத்தத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஓட்டுப் போடுகிறவன் இன்னார்தான் என்று சொல்கிற வேலைதான் இன்னும் அப்பா பேர், கதவு எண், பக்கத்து வீடு என்று கிராம முன்சீப் காலத்திலேயே நிற்கிறது.

2002-ல் நாங்கள் புரசைவாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். சரி, புரசைவாக்கம் தொகுதி என்று தேடினேன். அப்படி ஒரு தொகுதியே இப்போது கிடையாது! 2008-ல் தொகுதிகளை மறுவரையறை செய்தபோது புரசைவாக்கமும் பூங்கா நகரும் தொகுதி என்ற அந்தஸ்தை இழந்துவிட்டன. நாங்கள் இப்போது இருக்கிற அம்பத்தூர் அந்த வரையறையில்தான் தொகுதியாகப் பிறந்தது. ஆக, இல்லாத தொகுதியில் இருந்த என்னைக் கண்டுபிடித்து, அப்போது இல்லாத தொகுதியில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

ஓட்டு ஐடி எண்ணாவது கைகொடுக்கும் என்று பீரோவைக் குடைந்து பழைய கார்டை எடுத்தேன். தலைமைத் தேர்தல் ஆணையராக டி.என். சேஷன் இருந்த காலத்தில் ஆரம்பித்த புகைப்பட அட்டை. எங்கள் பேட்டைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்து எடுத்தது. அந்தப் படத்தைப் பார்த்து அந்தக் காலத்தில் எல்லோரும் சிரித்தார்கள். கன்னம் ஒட்டி, முன் மண்டை வெளுத்து, உலகத்தின் மேல் நம்பிக்கை இழந்த ஒரு கிழவர். இப்போது எடுத்துப் பார்த்தால் அச்சு அசல் நானேதான். முப்பது வருஷத்தை முன்கூட்டியே பிடித்துவிட்ட அந்தக் கேமராக்காரர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். கார்டில் எண் டிஎன் என்று ஆரம்பித்து, கோடு போட்டுக் கோடு போட்டு ரயில் வண்டி நீளத்துக்குப் போகிறது. இப்போதைய எண்ணோ மூன்று எழுத்து, ஏழு இலக்கம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பேரை வைத்துத் தேடலாம் என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். என் பேரை இங்கே எழுதவில்லை என்று கவனித்திருப்பீர்கள். அடக்கம் என்று எண்ண வேண்டாம். எப்படி எழுதுவது என்று எனக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கிறது. ஓட்டு ஐடியில் முன்னால். பான் கார்டில் அப்பா பேர் முழுசாக வந்து குந்திக்கொண்டு, என்னை ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. தமிழில் எழுதினதை இங்கிலீஷாக்கி, இங்கிலீஷில் இருந்ததைக் கம்ப்யூட்டர் மறுபடி தமிழாக்கி, போன பேர் வேறு, திரும்பி வந்த பேர் வேறு. அப்பா பேரை வைத்துத் தேடினேன். தண்டபாணி. ‘பதிவுகள் ஏதும் இல்லை.’ அப்பா பேர் இல்லாமல் நான் ஏது? தண்டாயுதபாணி என்று போட்டேன். ஊர்ப்பட்ட பேர் வந்தார்கள், எங்கள் அப்பாவைத் தவிர.

சரி, இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் தளத்துக்குள் நுழைந்து படிவத்தைத் திறப்போம் என்று போனால், ஓட்டு ஐடியோடு இணைத்த செல் நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. எந்த நம்பர் என்று பார்த்தேன். கடைசி இரண்டு இலக்கம் மட்டும் காட்டிற்று. நான் எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் விட்டுக் கைநழுவிப் போன பழைய நம்பர்.

இந்த இடத்தில் புத்திசாலி என்ன செய்வான்? பேப்பரை எடுத்து நிரப்புவான். நான் அந்தப் பழைய நம்பருக்கே போன் போட்டேன்.

“ஹலோ, யாரு?” என்றது ஒரு ஆண் குரல்.

“சார், வணக்கம். உங்க செல்லுக்கு இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும். ஆறு இலக்கம். அதை மட்டும் கொஞ்சம் சொல்ல முடியுமா?”

இரண்டு விநாடி மௌனம். அப்புறம் அவர் பேசினதையெல்லாம் ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. நடுநடுவே எழுதக்கூடியதை மட்டும் சொல்கிறேன். உழைத்துச் சாப்பிடச் சொன்னார். எனக்குப் பெற்ற தாய் இருக்கிறாளா என்று கேட்டார். “இருக்காங்க சார், அவங்க படிவமும் என்கிட்டதான் இருக்கு” என்றேன். அது அவரை இன்னும் கிளப்பிவிட்டது. என்னைப் போன்றவர்களிடம் அவருடைய மாமனார் நாற்பதாயிரத்தைப் பறிகொடுத்திருக்கிறாராம். “இரு, இப்பவே 1930-க்குப் போன் பண்றேன்” என்று வைத்துவிட்டார். 1930 என்பது சைபர் குற்றங்களைச் சொல்கிற எண். பெங்களூரில் இருக்கும் பையனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். “அப்பா, உள்ளே போயிருந்தாலும் உங்களால முடிச்சிருக்க முடியாது. கடைசியில ஆதார் வச்சுத்தான் கையெழுத்து. ரெண்டுலயும் பேர் ஒத்துப்போகணும். உங்க பேர் ஒத்துப்போகாதே” என்றான். அவன் தன் பேரைச் சேர்த்ததெல்லாம் படிவம் 6-ஐச் செல்லிலேயே நிரப்பித்தான். இப்போது வருஷத்துக்கு நாலு தகுதி நாள், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள். பதினெட்டு முடிந்த பிறகு ஜனவரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கார்டு தபாலில் வந்தது. போட்டோவில் மாப்பிள்ளையாட்டம் இருக்கிறான். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

டீச்சர் மறுபடி வந்தபோது நான் ஆன்லைனைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. மனைவி காபி கொடுத்தபடி சங்கதியைப் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டாள். டீச்சர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். துடைக்கிறாரா, சிரிக்கிறாரா என்று நான் ஆராயவில்லை.

“பேரை வச்சுத் தேடாதீங்க சார். எழுத்து எப்படியெப்படியோ அடிச்சிருப்பாங்க. தெருவைப் பிடிங்க, கதவு நம்பரைப் பிடிங்க. பட்டியல் வீட்டு வரிசையிலதான் போகும். பக்கத்து வீட்டுக்காரர் யாருன்னு ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இல்லாமல் என்ன? தெருப் பேரைப் பிடித்து, பழைய பட்டியலின் பக்கங்களைத் திறந்தேன். திறந்தவன் அதிலேயே விழுந்துவிட்டேன். முதல் வீட்டில் மெஸ் மாமி, அவர் மூன்று பிள்ளைகள். அடுத்து, ராத்திரி பதினோரு மணிக்கு மேல் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிடும் எங்கள் வீட்டுக்காரர். அவருக்கு அப்போது 61 வயசுதான் என்று பார்த்ததும் திக்கென்றது. எமகிங்கரனாகத் தெரிந்த அந்த மனுஷரைவிட நான் இன்றைக்குச் சின்னவனாக ஒன்றும் இல்லை. அதற்கடுத்து, பேண்டு தைத்த கூலியில் இருநூறு ரூபாய் பாக்கி வைத்துவிட்டு நான் வீடு மாறி வந்த டெய்லர். அவர் பேருக்கு நேராக வந்ததும் பழக்கதோஷத்தில் குனிந்துகொண்டேன். ஒரு வழியாக, கதவு எண் பழையது புதியது எல்லாம் கழித்துக் கூட்டினதில் எங்கள் வீடு வந்தது. அப்பா, அம்மா, நான், மனைவி, வரிசையாக. அப்பா பேர் தண்டபானி. மூன்று சுழி ணகரத்தில் ஒரு சுழி குறைந்துபோனதற்கு நான் இரண்டு ராத்திரி கண்விழித்திருக்கிறேன்.

அம்மாவின் படிவத்துக்கு வந்தோம். அம்மாவுக்கு 1962-ல் முதல் ஓட்டு. விரலில் அழியாத மை வைக்க ஆரம்பித்ததும் அந்தத் தேர்தலில்தான் என்பதால், அதைத் தனக்காகவே கொண்டுவந்ததாக அவள் எண்ணம். மைசூரில் அந்த மையைச் செய்கிற பெயிண்ட் ஆலை மூடாமல் ஓடுவதிலும் தன் விரலுக்குப் பங்கு உண்டு என்பாள்.

“பாட்டி, உங்க வீட்டுக்காரர் பேரு?” என்றார் டீச்சர்.

“அவர் பேரா? பழனியில நிக்கிறாரேம்மா…”

“பழனிச்சாமியா?”

“அது ஊரோட சேர்ந்துடுது. கையில வச்சிருக்கார் பாரு.”

“வேலா? வேலாயுதமா?”

“வேல் செந்தூர்லம்மா. பழனியில ஆண்டிக் கோலத்துல நிக்கும்போது கையில என்ன இருக்கும்?”

டீச்சர் ஒரு கணம் கண்ணை மூடினார். “தண்டாயுதபாணி!”

“கிட்ட வந்துட்டே. நடுவுல ஆயுதத்தை எடுத்துடு.”

“தண்டபாணி!”

அம்மாவின் முகத்தில் பரிசு கொடுக்கிற சந்தோஷம். “பட்டியல்லயே இருக்கு பாட்டி. சரியான்னுதான் கேட்டேன்” என்றார் டீச்சர்.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்காகப் பட்டியல் எடுத்தபோது, வடக்கே பல இடங்களில் பெண்கள் தங்கள் சொந்தப் பேரைச் சொல்லாமல் இன்னார் சம்சாரம், இன்னார் மகள் என்றே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் கறாரான மனுஷர். சொந்தப் பேர் இல்லாமல் பட்டியலில் இடமில்லை என்றுவிட்டார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் போயின. என் அம்மா தன் பேரைத் தெருவுக்கே கேட்கச் சொல்வாள். புருஷன் பேர்தான் வாயில் வராது. சுகுமார் சென் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அப்பாதான் ஓட்டை இழந்திருப்பார்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் 2012-ல் காலமானார். ஆனால் பட்டியலில் இருந்தார். 2014, 2016, 2019, 2021, 2024 என்று எந்தத் தேர்தல் வந்தாலும் அவருக்கும் பூத் சிலிப் வந்துகொண்டிருந்தது. இறந்தவர் பேரை நீக்கப் படிவம் 7 என்று ஒன்று உண்டு, எனக்கும் தெரியும். ஒரு தடவை நிரப்பிக்கூட வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, “ரேஷன் கார்டுல எடுத்தீங்க, பேங்க்ல எடுத்தீங்க. இதுலயாவது இருந்துட்டுப் போகட்டுமே, இது சோறா கேக்குது?” என்றாள். படிவத்தை மடித்து வைத்துவிட்டேன். சிலிப் வரும்போதெல்லாம் அவள் அதைச் சுவாமி அலமாரியில் வைப்பாள். ஒரு தடவை, “நீதான் போறியே, அவரோடதையும் போட்டுட்டு வந்துடேன்” என்றாள். அது குற்றம், ஜெயில் என்று விளக்கினேன். “அவர் சின்னத்துக்குத்தானே போடப்போறே, உன் சின்னத்துக்கா போடச் சொன்னேன்?” என்றாள்.

இந்த முறை அப்பாவுக்கும் படிவம் வந்திருந்தது. போட்டோவோடு. டீச்சர் அதைத் தனியே எடுத்து, பேனாவைத் திறந்து, எழுதாமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா வாங்கிப் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சட்டை காலர் மடிஞ்சிருக்கு” என்றாள். அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “எழுதிக்கோம்மா. நீயும் எத்தனை வீடு ஏறணும்” என்றாள்.

இதற்கிடையில் அம்மாவுக்கு ஆணையத்தின் மேல் தனியாக ஒரு வழக்கு இருக்கிறது. 2021-ல் அவளுக்கு 81 வயசு. எண்பது தாண்டியவர்கள் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம் என்றார்கள். அதிகாரிகள் வீடு தேடி வந்து, மறைப்பு வைத்து, ஓட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். அம்மா அதற்காகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். 2024-ல் வயது வரம்பை 85 ஆக்கிவிட்டார்கள். அம்மாவுக்கு அப்போது 84. மூன்று வருஷம் வயசு ஏறினதில் அவள் கிழவி என்கிற தகுதியை இழந்து, வெயிலில் ஆட்டோ பிடித்துப் போய் ஓட்டுப் போட்டாள். இப்போது மறுபடி கிழவியாகிவிட்டாள். “அடுத்த எலெக்‌ஷனுக்குள்ள தொண்ணூறுன்னு மாத்திடப் போறானுங்கடா, சீக்கிரம் படிவத்தைக் குடு” என்று அவசரப்படுத்தினாள்.

படிவங்களைக் கொடுத்து முடித்தோம். என் ஆன்லைன் வாக்குறுதியைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசாமலிருந்த விதத்தில் எல்லாம் பேசிவிட்டார்கள். டிசம்பர் 19-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. 6 கோடியே 41 லட்சமாக இருந்தது 5 கோடியே 43 லட்சமாகிவிட்டது. 97 லட்சத்துக்கு மேல் காலி. அதில் இறந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 27 லட்சம். அவர்களில் ஒருவர் எங்கள் அப்பா. வீடு மாறினவர்கள், ஆளைக் காணோம் என்கிற கணக்கில் போனவர்கள் 66 லட்சம். எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் அந்தக் கணக்கில் போய்விட்டார். அவர் எங்கும் போகவில்லை. வீட்டு வாடகை ஏறியதால் இரண்டு தெரு தள்ளிக் குடிபோனார், அவ்வளவுதான். தினமும் அதே இடத்தில்தான் வண்டி நிற்கிறது. பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டியதுதான், செத்தவர்கள் பேரில் ஓட்டு விழக்கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருபது வருஷத்துக்கு முந்திய கதவு எண்ணைக் கேட்டால், சொந்தக் கதவு உள்ளவன் சொல்லிவிடுவான். வாடகைக் கதவுக்காரன் பாடுதான் திண்டாட்டம். என் மனைவி இஸ்திரிக்காரரை டீச்சரிடம் அழைத்துப்போய்ப் படிவம் 6 வாங்கிக் கொடுத்தாள். அவர் சட்டையை எல்லாம் தேய்ப்பவர், போட்டோவுக்குக் கசங்கின சட்டையில் வந்தார் என்று அவளுக்கு வருத்தம்.

எங்கள் பேர் வந்திருந்தது. பெருமையாகப் பட்டியலைத் திறந்து மனைவியிடம் காட்டினேன். அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “இதென்னங்க?” என்றாள்.

அவள் பேருக்குக் கீழே ‘தந்தை பெயர்’ என்று போட்டு, என் பேர்.

எனக்குச் சிரிப்பு தாளவில்லை. “அப்பான்னு மரியாதையா கூப்பிடு” என்றேன்.

“அப்பான்னா பொறுப்பு இருக்குமேன்னு பார்க்கறேன்” என்றவள், விரலைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினாள். அது என் கட்டம். பேர் சரி. அப்பா பேர், அதே ஒற்றைச் சுழி குறைவோடு, சரி. வயது சரி. பாலினம்: பெண்.

பழைய பட்டியல்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அம்பத்தூருக்கு வந்ததிலிருந்தே நான் பெண்தான். வாக்குச்சாவடியில் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே குறித்துக்கொள்வார்கள். அப்படியென்றால் இத்தனை தேர்தலாக ஆண்கள் வரிசையில் கால்கடுக்க நின்று பெண்கள் கணக்கில் ஓட்டுப் போட்டிருக்கிறேன். பெண்கள் வாக்குப்பதிவு உயர்ந்தது என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் இனம் தெரியாத ஒரு பூரிப்பு வரும். காரணம் இப்போதுதான் புரிந்தது. பெண்கள் வரிசை எப்போதும் சீக்கிரம் நகரும். அந்தச் சலுகையைக்கூட அனுபவிக்காமல் விட்டிருக்கிறேன்.

டீச்சரிடம் போனேன். “படிவம் 8 சார். பேர், வயசு, உறவு, பாலினம், எல்லாத் திருத்தத்துக்கும் இந்த ஒண்ணுதான்” என்று எடுத்துக் கொடுத்தார். “பாலினத்துக்கு ஆதாரம்…” என்று இழுத்தேன். “ஆதார் நகல் போதும் சார்” என்று அவசரமாகச் சொன்னார். கூடவே, “ஆன்லைன்லயும் போடலாம்” என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

பேப்பரிலேயே கொடுத்தேன். மனைவியின் நீலப் பேனாவால் எழுதினேன்.

நீங்களும் உங்கள் பட்டியலை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பேர் இருக்கிறது என்று பார்த்ததும் மூடிவிடாதீர்கள். சுழி, இனிஷியல், அப்பா பேர், கதவு எண், செல் நம்பர் எல்லாம் பாருங்கள். முக்கியமாக நீங்கள் ஆணா, பெண்ணா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் போன் பண்ணிக் கேட்கலாம். ஆணையம் தொடங்கின வருஷமே அதன் எண், 1950. மறந்துபோய் 1930-ஐ அழுத்திவிடாதீர்கள். அங்கே என்னைப் பற்றி ஒருவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்.